பசுமைக் கட்டட வடிவமைப்பு: பெயரைப் பார்த்துப் படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்

அன்புள்ள ஐயா,

சூழலுக்கு இசைந்த, மின்சாரத்தை அதிகம் விழுங்காத கட்டடங்களை வடிவமைப்பதுதான் தன் தொழில் என்று மகள் உறுதியாக நிற்கிறாள். அதை நம்பி ஒரு பெண் பிழைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். உலகில் பயனாகும் எரிசக்தியில் சுமார் 30 விழுக்காடு, கட்டடங்களைக் குளிர்விக்கவும் சூடாக்கவும் விளக்கேற்றவும் இன்ன பிறவற்றுக்குமே செலவாகிறது. அதைக் குறைக்கத் தெரிந்தவருக்கு வேலை இல்லாமல் போகாது. ஆனால் நீங்கள் அனுப்பிய படிப்புகளின் பட்டியலில் பாதியை நான் அடித்துவிடுவேன்.

பட்டத்தின் பெயரிலேயே 'பசுமை' என்று வரும் படிப்புகள் இளநிலையில் வேண்டாம். கட்டடக்கலை, மெக்கானிக்கல், சிவில் ஆகிய மூன்றில் ஒன்றில் அவள் முதலில் காலூன்றட்டும். கட்டடத்துக்குப் பொறுப்பேற்று வரைபடத்தில் கையெழுத்திட உரிமம் கேட்கும் நாடுகளில் அடிப்படைத் துறைப் பட்டத்துக்குத்தான் மதிப்பு. சிறப்புப் படிப்பை முதுநிலையில் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றில் எது என்பதை அவளுடைய இயல்பு சொல்லும். இடங்களை மனத்தில் கட்டிப் பார்த்து வரைவதில் ஆர்வம் இருந்தால் கட்டடக்கலை. கட்டுமானப் பொருள்கள் ஈர்த்தால் சிவில். உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் சிமென்ட் தயாரிப்பின் பங்கு மட்டுமே சுமார் 7 விழுக்காடு என்பதால், மாற்றுப் பொருள்களில் செய்ய வேண்டியது மலையளவு இருக்கிறது. பெற்றோர் பெரும்பாலும் மறந்துவிடுவது மெக்கானிக்கலை. ஏசி, காற்றோட்டம், வெப்பக் கணக்கு எல்லாம் அந்தத் துறையினர் கையில்தான் இருக்கின்றன. இயற்பியல் பிடித்த பிள்ளைக்கு நான் முதலில் சொல்வது அதையே.

அவளுடைய ஆர்வம் நிலைக்குமா என்ற உங்கள் ஐயத்துக்கு ஒரு சோதனை சொல்கிறேன். இரண்டு வெப்பமானிகள் வாங்கிக் கொடுங்கள். ஒன்றை மேற்கு வெயில் படும் சுவரையொட்டிய அறையிலும் மற்றொன்றை வெளியே நிழலிலும் வைத்து, காலை முதல் இரவு வரை மணிக்கொரு முறை குறித்து வரட்டும். சுவர் தடிமனாக இருந்தால், வெளியே வெப்பம் தணியத் தொடங்கிய பிறகும் உள்ளே ஏறிக்கொண்டிருக்கும். பகலில் வாங்கிய வெப்பத்தைச் சுவர் மாலையிலும் இரவிலும்தான் அறைக்குள் விடுகிறது. ஏன் இவ்வளவு தாமதம், சுவர்மேல் நிழல் விழச் செய்தால் என்ன ஆகும், இரவில் ஜன்னலைத் திறந்து வைத்தால் மறுநாள் எவ்வளவு குறையும் என்று அவளே கேட்கத் தொடங்கினால், கவலையை விடுங்கள். தாளில் எண்களை நிரப்பிவிட்டு எழுந்து போனால் சற்றுப் பொறுத்து முடிவெடுக்கலாம்.

இதே தாமதத்தை வைத்துத்தான் ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் ஈஸ்ட்கேட் வணிக வளாகத்தைக் கட்டினார்கள். 1996-இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தில் இரவின் குளிர்ந்த காற்றை விசிறிகள் உள்ளிழுத்துத் தளங்களுக்கு அடியில் உள்ள இடைவெளிகள் வழியே செலுத்துகின்றன. குளிர்ந்த கான்கிரீட் மறுநாள் பகலின் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. ஹராரே உயரமான பீடபூமியில் இருக்கிறது, இரவில் குளிரும், அதனால் பலிக்கிறது. இரவிலும் புழுக்கம் தணியாத கடலோர நகரத்தில் அதே வடிவமைப்பு கைவிட்டுவிடும். அங்கே நிழலும் எதிரெதிர் ஜன்னல்களும்தான் துணை. குளிர்நாட்டுக்குக் கணக்கே வேறு. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் 1991-இல் எழுந்த முதல் 'பாசிவ்ஹவுஸ்' (சூடாக்க மிகக் குறைந்த எரிசக்தியே கேட்கும் வீடு) குடியிருப்பு, காற்றுக் கசியாத சுவர்களையும் தடித்த வெப்பக்காப்பையும் நம்பியது. ஓர் இடத்து விடையை இன்னோர் இடத்துக்கு அப்படியே தூக்கிப்போக முடியாது. ஒவ்வொரு மனைக்கும் யாராவது புதிதாக உட்கார்ந்து கணக்கிட்டாக வேண்டும். உங்கள் மகளுக்கான வேலை அதுதான்.

பெரிய பின்புலம் வேண்டுமோ என்றும் தயங்கியிருக்கிறீர்கள். புர்கினா ஃபாசோவில் பிறந்த பிரான்சிஸ் கெரே முதலில் தச்சு வேலை கற்றவர். பெர்லினில் மாணவராக இருந்தபோதே சொந்த ஊரான காண்டோவில் ஒரு தொடக்கப்பள்ளி கட்டினார், 2001-இல் முடிந்தது. மண் கற்களால் சுவர், அதன்மேல் காற்றுப்புகும் உட்கூரை, அதற்கும் மேலே இடைவெளி விட்டு உயர்த்திய தகரக் கூரை. சூடான காற்று அந்த இடைவெளி வழியே வெளியேறிவிடுகிறது. வகுப்பறைக்கு ஏசி தேவைப்படவில்லை. 2022-இல் அவருக்குக் கட்டடக்கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது.

வேலையைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். தொடக்கச் சம்பளம் பல இடங்களில் மென்பொருள் துறையைவிடக் குறைவு. பிரிட்டனில் 1990-இல் தொடங்கிய 'பிரீயாம்', அமெரிக்காவில் உருவான 'லீட்' போன்ற பசுமைக் கட்டடத் தரச்சான்றுகளுக்கான ஆவணம் தயாரிக்கும் வேலை எளிதில் கிடைக்கும். ஓரிரு ஆண்டுகள் செய்யலாம், அதிலேயே தேங்கிவிடக் கூடாது. சான்று பெற்ற கட்டடம்கூடக் குடியேறிய பிறகு கணக்கிட்டதைவிட அதிக மின்சாரம் இழுப்பது இத்துறையில் எல்லோரும் அறிந்த சிக்கல். அந்த வேறுபாட்டை அளந்து, காரணம் கண்டு, சரிசெய்பவரைத்தான் நிறுவனங்கள் தேடுகின்றன. ஏற்கெனவே நிற்கும் கட்டடங்களைச் சீர்செய்வதிலும் நிறைய வாய்ப்பு உண்டு. புதுக் கட்டடக் கவர்ச்சியில் மாணவர்கள் அதைக் கவனிப்பதில்லை.

முதலாண்டிலேயே 'எனர்ஜிபிளஸ்' மென்பொருளைப் பழகச் சொல்லுங்கள். அமெரிக்க எரிசக்தித் துறை அதை இலவசமாகத் தருகிறது. ஒரு கட்டடம் ஆண்டு முழுவதும் எவ்வளவு எரிசக்தி எடுக்கும் என்று கட்டுவதற்கு முன்பே கணித்துச் சொல்லும்.

கல்லூரிகளைப் பார்க்கப் போகும்போது மகளையே பேசவிடுங்கள். கட்டடக்கலை மாணவர்களும் மெக்கானிக்கல் மாணவர்களும் சேர்ந்து செய்யும் செயல்திட்டம் உண்டா, வெப்பத்தையும் வெளிச்சத்தையும் அளக்கும் கருவிகளை மாணவர்கள் கையில் கொடுக்கிறார்களா, இந்தக் கட்டடத்தின் மின்பயன்பாட்டை யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா என்று அவள் கேட்கட்டும். ஆசிரியர் ஆர்வத்தோடு எழுந்து ஆய்வகத்துக்கு அழைத்துப்போனால் அந்தக் கல்லூரியைப் பட்டியலின் முதலிடத்தில் எழுதுங்கள்.