ஓவியம் வரையக் கை ஓடவில்லை என்றால் வேறு கலையை முயலலாமா?

மூன்று மாதமாகத் தூரிகையைத் தொட்டாலே வெறுப்பாக இருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் போன வருடம் அப்படித்தான். புதுச்சேரி கடற்கரைச் சாலையையும் பழைய கலங்கரை விளக்கத்தையும் நீர்வண்ணத்தில் எத்தனை தடவைதான் வரைவது? கை நின்றுவிட்டது.

அப்புறம் வில்லியனூரில் சுடுமண் சிற்பம் செய்யும் ஒருவரிடம் சில ஞாயிற்றுக்கிழமைகள் போய் உட்கார்ந்தேன். (அந்த ஊர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடே உண்டு.) என் முதல் குதிரை நாய் மாதிரி வந்தது. கவலையே வரவில்லை. விஷயமே அதுதான்: தெரிந்த கலையில் ஒவ்வொரு கோட்டுக்கும் நாமே மார்க் போட்டுக்கொண்டிருக்கிறோம், தெரியாத கலையில் அந்த உள்வாத்தியார் வாய் திறப்பதில்லை.

நீர்வண்ணத்தில் வெளிச்சத்துக்கான இடத்தில் தாளின் வெள்ளையை முதலிலேயே வண்ணம் படாமல் விட்டுவைக்க வேண்டும், தப்பினால் போச்சு. களிமண்ணைப் பிசைந்து மறுபடி தொடங்கலாம். ஆனால் அவசரம் ஆகாது. ஈரத்தோடு சூளைக்குப் போனால் உள்ளே நீராவி முட்டி வெடித்துவிடும். நிழலில் மெதுவாகக் காய வேண்டும். அப்படிக் காத்திருந்தபோதுதான் குதிரையின் கழுத்தைப் பென்சிலால் தாளில் கிறுக்க ஆரம்பித்தேன்.

களிமண்தான் என்றில்லை, கோலம், புகைப்படம், எதுவானாலும் சரி. கொஞ்ச நாளைக்கு மட்டும் அதை இன்ஸ்டாகிராமில் போடாதீர்கள்.