ட்ராக்கில் ஓட்டும் காரின் பிரேக் காலிப்பரை நாமே பிரித்து சீல் மாற்றலாமா, புதிதாக வாங்கிப் போடுவதுதான் சரியா?

நாமே சீல் மாற்றலாம். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் யாரோ உங்களிடம் "காலிப்பர் போயிடுச்சு, நாலையும் மாத்திடுங்க" என்று சொல்லியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. அதே வார்த்தையை நானும் கேட்டிருக்கிறேன், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் "பிரேக்கில் போய் விளையாடலாமா" என்று நாலு பேர் வருவார்கள். பிரேக் உயிர் சம்பந்தப்பட்டது, அது எனக்கும் தெரியும். சக்கரத்தோடு சுற்றும் டிஸ்கைப் பேட்களால் இருபக்கமும் கவ்விக் காரை நிறுத்துவது காலிப்பர்தான். இதுவரை பேட் மாற்றியதில்லை, பிரேக் ஆயில் மாற்றிக் குழாய்க்குள் இருக்கும் காற்றை எடுத்ததில்லை என்றால் காலிப்பரில் ஆரம்பிக்காதீர்கள். அது இரண்டும் கை பழகியவருக்கு இது எட்டாத வேலை இல்லை. உள்ளே பிஸ்டன், அதைச் சுற்றி ஒரு ரப்பர் சீல், வெளியே தூசி போகாமல் இருக்க ஒரு டஸ்ட் பூட். காசு மிச்சம் பிடிக்கச் சொல்கிறேன் என்றும் நினைக்க வேண்டாம், புதிது வாங்கியே ஆக வேண்டிய இடத்தையும் கீழே சொல்லியிருக்கிறேன்.

என்னுடையது நடு எஞ்சின் வைத்த ரெண்டு சீட்டர். முன்னும் பின்னும் நாலு பிஸ்டன் அலுமினிய காலிப்பர். பழைய காராகத்தான் வாங்கினேன், "ட்ராக் பக்கமே போனதில்லை" என்று சத்தியம் செய்து விற்றார்கள். காலிப்பர்கள் பளிச்சென்று சிவப்பாக இருந்தன. கொஞ்ச நாள் ட்ராக்கில் ஓடியதும் அந்தப் பெயின்ட் உரிந்தது, அடியில் இருந்த பழைய பெயின்ட் தீய்ந்துபோன காபி நிறத்தில் இருந்தது. காலிப்பர் பெயின்ட் அப்படிக் கருகுவது சும்மா சாலையில் ஓடி வராது, பலமுறை நன்றாகச் சுட்டிருந்தால்தான் வரும்.

அப்புறம் தொந்தரவு ஆரம்பித்தது. ட்ராக்கிலிருந்து உள்ளே வந்து நிறுத்தினால் முன் இடது சக்கரம் மட்டும் மற்றதைவிட அதிகமாகக் கொதித்தது. ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றினால் அரைச் சுற்றில் நின்றது. பேடைக் கழற்றிப் பார்த்தால் ஒரு முனை தடிமனாகவும் மறுமுனை தேய்ந்தும் ஆப்பு மாதிரி இருந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பேடைக்கூட வெளியே எடுக்காமல், சக்கரத்தின் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்துவிட்டு நாலு காலிப்பரும் மாற்ற வேண்டும் என்றார்கள். ஏன் என்று கேட்டேன், "ட்ராக் கார்னா அப்படித்தான்" என்றார்கள். ஒரு பொருளைத் தொட்டுப் பார்க்காமலே அதற்குத் தீர்ப்பு எழுதுவது எனக்கு அன்றும் பொறுக்கவில்லை, இன்றும் பொறுக்கவில்லை.

சரி, வீட்டில் பிரித்தபோது என்ன இருந்தது என்று சொல்கிறேன். பேட் உட்காரும் இரு பக்கமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு ஸ்க்ரூ போட்டு வைத்திருப்பார்கள். அந்தத் தகட்டுக்கும் அலுமினியத்துக்கும் நடுவே வெள்ளைப் பொடியாக அரிப்பு வளர்ந்து தகட்டையே உள்பக்கம் தள்ளியிருந்தது. பேட் நகர இடமே இல்லை, அதனால்தான் அது சுத்தியலால் தட்டினால்தான் வெளியே வந்தது. தகட்டைக் கழற்றி, அடியில் இருந்ததைச் சுரண்டி, சுத்தமாகத் துடைத்துத் திரும்பப் போட்டதும் பேட் கையாலேயே வழுக்கிக்கொண்டு போனது. தொந்தரவில் பாதி இங்கேயே தீர்ந்தது, காலிப்பரின் உள்பக்கம் அப்போது இன்னும் திறக்கவே இல்லை.

மீதிப் பாதி சீலில். சீல் செய்யும் வேலை தெரிந்தால் பயம் குறையும். அது வட்டமான ஓ ரிங் இல்லை, சதுர வெட்டு. பிஸ்டன் ஓடும் துளையின் சுவரில் வெட்டிய காடிக்குள் (பள்ளத்துக்குள்) உட்கார்ந்து பிஸ்டனைக் கவ்விக்கொண்டிருக்கும். பெடலை மிதித்தால் பிஸ்டன் முன்னே போகும், சீலின் உள்விளிம்பு அதோடு சேர்ந்து லேசாக வளையும். காலை எடுத்தால் அந்த வளைவு நிமிர்ந்து பிஸ்டனை மயிரிழை அளவு பின்னால் இழுத்துக்கொள்ளும். பின்னால் இழுக்கத் தனியாக ஸ்பிரிங் எதுவும் கிடையாது. சூட்டில் அந்த ரப்பர் இறுகிவிட்டால் பிஸ்டன் திரும்பாது, பேட் டிஸ்கை உரசிக்கொண்டே இருக்கும், உரசினால் மேலும் சூடு, சூட்டில் ரப்பர் மேலும் இறுகும்.

என் காலிப்பரில் டஸ்ட் பூட் விரல் பட்டதும் அப்பளம் மாதிரி நொறுங்கியது. ட்ராக்கில் இது சகஜம், பல ரேஸ் காலிப்பர்களில் பூட்டே வைப்பதில்லை. பூட் போனதால் வந்த தூசியும் ஈரமும் பிஸ்டனின் வெளிவிளிம்பில் கறையாகப் பிடித்திருந்தன. இதனால்தான் சொல்கிறேன், பேட் மாற்றும்போது பிஸ்டனை அப்படியே உள்ளே தள்ளாதீர்கள். தெரிகிற பகுதியைத் துடைத்துவிட்டுத் தள்ளுங்கள், இல்லாவிட்டால் அந்த அழுக்கு முழுவதும் சீலைத் தாண்டிப் போகும்.

பிஸ்டனை எடுக்க நல்ல வழி காரின் பெடலேதான். காலிப்பரைக் கழற்றி, ஹோஸ் மாட்டியபடியே தொங்கவிடாமல் தாங்கி வைத்து, மெதுவாக மிதித்தால் லூசாக இருப்பது முதலில் வரும். அதை ஒரு மரக்கட்டையால் தடுத்துவிட்டு மற்றதை வரவையுங்கள். எல்லாமே விளிம்பு வரைக்கும் வந்தபின் காலிப்பரைத் தனியே எடுத்து, கையால் இழுத்தால் போதும். கம்ப்ரஸர் காற்று வைப்பதாக இருந்தால் மிகக் குறைந்த அழுத்தத்தில், நடுவில் தடிமனான கட்டை வைத்துச் செய்யுங்கள், விரல் மட்டும் அந்த இடுக்கில் இருக்கவே கூடாது. பிஸ்டன் துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும், விரல் எலும்பு உடையும்.

சீலை எடுக்க ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். மூங்கில் குச்சியோ பிளாஸ்டிக் குச்சியோ போதும். சீல் வந்தபின் காடிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். என்னுடையதில் காடியின் அடியில் சாம்பல் நிறத்தில் கட்டியாக ஒரு படிவம் இருந்தது. அது சீலை அடியிலிருந்து உந்தி, பிஸ்டன்மேல் இறுக்கிக்கொண்டிருந்தது. இதைச் சுத்தம் செய்யாமல் புது சீலைப் போட்டால் புது சீலும் அதே மாதிரி இறுக்கும், "சீல் கிட் மாத்தியும் சரியாகல, காலிப்பரே போச்சு" என்று ஊரெல்லாம் பேச்சு வரும். அந்தக் காடியைச் சுரண்டுவதற்குத்தான் எனக்கு நேரம் பிடித்தது, சீல் மாற்றுவது நிமிட வேலை.

இன்னொன்று, பலர் மாற்றிப் புரிந்துகொள்வது. இந்த அமைப்பில் சீல் துளையில் உட்காருகிறது, பிரேக் ஆயிலை அடைப்பது பிஸ்டனின் மேற்பரப்பும் சீலும் சேர்ந்துதான். அதனால் துளைச் சுவரில் லேசான கோடு இருந்தால் பெரிதில்லை. பிஸ்டனில் சீல் உரசும் பகுதியில் குழியோ கீறலோ நகத்தில் தட்டினால் அந்த பிஸ்டன் வேண்டாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சமாளிக்கவும் வேண்டாம், மேல்பூச்சு போய்விடும். எனக்கு ஒரு பிஸ்டனை மாற்ற வேண்டியிருந்தது, மற்றதெல்லாம் துடைத்ததும் கண்ணாடி மாதிரி வந்தன.

பெட்ரோல், டீசல், எஞ்சின் ஆயில், சாதா கிரீஸ் எதுவும் இந்த ரப்பர் பக்கமே வரக்கூடாது. பிரேக் சீல்கள் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். ரப்பர், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். பிரேக் கிளீனர் போட்டுக் கழுவி, உலரவிட்டு, புதிய பிரேக் ஆயிலையோ பிரேக்குக்கென்றே வரும் ரப்பர் கிரீஸையோ தடவி, பிஸ்டனை நேராகப் பிடித்துக் கட்டைவிரலால் அமுக்குங்கள். கையால் போக மறுத்தால் ஏதோ கோணலாக இருக்கிறது, சுத்தியலைத் தொடாதீர்கள். இரண்டு பாதியாகப் போல்ட் போட்ட காலிப்பரையும் தேவையில்லாமல் பிளக்காதீர்கள், என்னுடையதில் டிஸ்க் போகும் இடைவெளி வழியாகவே பிஸ்டன் எல்லாம் வெளியே வந்தன.

போல்ட் இறுக்குவதைப் பற்றிச் சொல்லும்போது, கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டார்க் ரெஞ்ச்சைக் கடன் வாங்கிக்கொண்டுபோய், அதன்மேல் ஏறி நின்று துருப்பிடித்த நட்டைக் கழற்றிவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் திருப்பிக் கொடுக்கிறார்கள். அது இறுக்கும் அளவைக் காட்டும் கருவி. அப்படி அடிபட்டபின் அது காட்டும் அளவை நம்பி அடுத்தவன் தன் காலிப்பர் போல்ட்டை இறுக்குகிறான், அவன் பக்கத்து சீட்டில் இன்னொருவர் உட்காருகிறார். இதை நான் நேரில் சொன்னபோது "ஒரு ரெஞ்ச்சுக்கு இவ்வளவா" என்று கேட்டவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன்.

மாட்டும்போது இடது, வலது பாருங்கள். ப்ளீடர் நிப்பிள் (காற்றை வெளியே விடும் திருகு) மேல்பக்கம் இருக்க வேண்டும், மாறிவிட்டால் காற்று எவ்வளவு எடுத்தாலும் பெடல் மெத்தென்றே இருக்கும். ஹோஸ் போல்ட்டின் வாஷர்கள் புதிதாகப் போடுங்கள்.

பிரேக் ஆயிலைப் பொறுத்தவரை, டாட் 4 தரத்துக்குக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிய நிலையில் குறைந்தது 155 டிகிரி. காற்றிலிருந்து ஈரத்தை அது தானாகவே உறிஞ்சும், அதனால் பாட்டிலில் எழுதிய பெரிய எண்ணை நம்பி வருடக்கணக்கில் விடக்கூடாது. ரேஸுக்கென்று வருபவை புதிதில் 300 டிகிரியைத் தாண்டும், ட்ராக்குக்கு அதைப் போட்டு அடிக்கடி மாற்றுங்கள். பேடைப் பாதிக்குமேல் தேயவிடாதீர்கள், பேட் மெலிந்தால் டிஸ்கின் சூடு அப்படியே பிஸ்டனுக்குப் போகும். கடைசிச் சுற்றைப் பிரேக் அதிகம் மிதிக்காமல் ஓட்டிக் காலிப்பரை ஆறவிடுங்கள், நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. வளைவு முடிந்து அடுத்த மிதிக்கு மட்டும் பெடல் ஆழமாகப் போய், இரண்டாவது மிதிக்கு சரியாக இருந்தால் அது சீல் கோளாறாக இல்லாமல் இருக்கலாம். வீல் பேரிங் ஆட்டத்தில் டிஸ்க் அசைந்து பிஸ்டன்களைப் பின்னால் தள்ளியிருக்கும். காலிப்பரைப் பிரிக்கும் முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

புதிது வாங்க வேண்டியது எப்போதென்றால், காடியின் விளிம்பே அரித்துக் குழி விழுந்திருந்தால், உடலில் விரிசல் இருந்தால், நிப்பிள் மரை போய்விட்டிருந்தால், உங்கள் காலிப்பருக்கு சீல் தனியாகக் கிடைக்கவே இல்லையென்றால்.

என் முன் சக்கரம் இப்போது கையால் ஒரு தட்டுத் தட்டினால் சுற்றிக்கொண்டு போகிறது, பேடும் இரு முனையும் ஒரே அளவில் தேய்கிறது. நீங்கள் எந்த கார் என்று எழுதவில்லை. சீல் கிட் ஆர்டர் செய்யும் முன் பிஸ்டன் விட்டத்தை வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள். ஒரே காலிப்பரில் இரண்டு அளவு இருக்கலாம், என்னுடைய முன்பக்கத்தில் 36, 40 மி.மீ. பேட் சீராகத் தேய்வதற்காக, டிஸ்க் முதலில் நுழையும் பக்கத்தில் சிறியது. ஒரே மாடலிலேயே வருடத்துக்கு வருடம் அளவு மாறியிருக்கலாம், அதனால் மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்க வேண்டாம்.