மாலை போட்ட மூன்றாம் நாள்

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, பத்து ஆண்டுகளாகத் தினமும் குடித்துவரும் என் கணவர், சென்ற கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை அணிந்த அன்றே குடியை அடியோடு நிறுத்தினார். மறுநாள் காலையில் தம்ளரைப் பிடிக்க முடியாதபடி கை நடுங்கியது. அன்றிரவு வலிப்பு வந்தது. மூன்றாம் நாள் இரவு, சுவரில் பூச்சிகள் ஊர்வதாகச் சொல்லி விடிய விடியத் துண்டால் தட்டிக்கொண்டே இருந்தார். உறவினர்கள் சாமி குத்தம் என்றார்கள். மருத்துவமனையில் சேர்த்துப் பிழைத்தவர், ஒரு மாதத்தில் மீண்டும் குடிக்கத் தொடங்கிவிட்டார். இந்த ஆண்டும் மாலை போடுவேன் என்கிறார். தடுக்கலாமா? அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மருந்தை வாங்கலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சகோதரி, அது சாமி குத்தம் அன்று. மது மூளையின் வேகத்தை மட்டுப்படுத்தும் பொருள். அது தினமும் உள்ளே வரும்போது, அதனை எதிர்த்து விழித்திருப்பதற்காக மூளை தன் கிளர்ச்சியைக் கூட்டிக்கொண்டே போகிறது. திடீரென்று மது நின்றதும் அந்தக் கிளர்ச்சி மட்டும் கட்டுப்பாடின்றி எஞ்சுகிறது. முதல் நாளில் நடுக்கமும் வியர்வையும், 48 மணி நேரத்துக்குள் வலிப்பும், இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் இல்லாதவை கண்ணுக்குத் தெரியும் சன்னி நிலையும் வருவது இதனால்தான். கவனிக்காமல் விட்டால் இந்தச் சன்னி உயிரைக் குடிக்கும். உரிய சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலோர் பிழைத்துவிடுகின்றனர்.

ஆகவே மாலையைத் தடுக்காதீர்கள். குடியை நிறுத்தும் இடத்தை மட்டும் மாற்றுங்கள். ஒருமுறை வலிப்பு வந்தவருக்கு அடுத்த முறை நிறுத்தும்போது அது மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், மாலை போடும் நாளுக்குப் பத்து நாட்கள் முன்பே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் அவரைச் சேர்த்துவிடுங்கள். அங்கே மூளையின் கிளர்ச்சியை அடக்கும் டயசெபாம் போன்ற மருந்தை முதலில் தேவையான அளவு கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வருவார்கள். தயமின் என்னும் பி1 வைட்டமினை ஊசியாகவும் போடுவார்கள். நாட்பட்ட குடியால் இச்சத்து வற்றிப்போயிருக்கும். இதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நினைவாற்றலே நிரந்தரமாகக் கெடக்கூடும். தூக்க மாத்திரையைக் கடையில் வாங்கி நீங்களாகவே கொடுத்துப் பார்ப்பது கூடவே கூடாது.

சாப்பாட்டில் கலக்கும் மருந்தை வாங்காதீர்கள். அத்தகைய பொடிகள் சிலவற்றில் என்ன இருக்கிறது என்பதே தெரியாது. குடியை விடுவதற்காகத் தரப்படும் டைசல்ஃபிராம் என்னும் மருந்து இருந்தாலோ, மது உடலில் பாதி சிதைந்த நிலையில் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சுப்பொருளாகத் தேங்கி, முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சட்டென்று விழும். அந்த மாத்திரையை விளைவுகளைத் தெரிந்து, சம்மதித்துச் சாப்பிடுபவருக்கு மட்டுமே நாங்கள் எழுதிக்கொடுக்கிறோம். தெரியாமல் சாப்பிட்டவர் வழக்கம்போல் குடித்தால் உயிருக்கே ஆபத்து.

ஒரு மாதத்தில் அவர் மீண்டும் குடித்ததற்கு உங்களை நொந்துகொள்ளாதீர்கள். சென்ற முறை உடம்பிலிருந்து மதுவை இறக்கியதோடு சிகிச்சை நின்றுவிட்டது. ஆசையைக் குறைக்கும் மருந்தும் மனநல ஆலோசனையும் அதற்குப் பிறகுதான் தொடங்க வேண்டும். போதை மீட்புக்கான 14446 என்ற இலவச எண்ணில் வழிகாட்டுதல் கிடைக்கும். மருத்துவமனைக்குச் சென்றதும், சென்ற ஆண்டு வலிப்பு வந்ததையும் கடைசியாகக் குடித்த நேரத்தையும் முதலில் சொல்லிவிடுங்கள். மருந்தின் அளவை முடிவு செய்ய அவை இரண்டும் தேவை.