வால்பாறை மழைக்காடு: கிளம்புமுன் கேட்டவையும் பதில்களும்

செல்வி, மதுரை: போன முறை மூன்று நாள் தங்கினோம். எங்கே திரும்பினாலும் தேயிலைதான். மழைக்காடு என்று எதைச் சொல்கிறார்கள்?

வியூ பாயின்ட்டில் நின்று பார்த்தால் தேயிலைதான் தெரியும். சுமார் 220 சதுர கிலோமீட்டர் உள்ள வால்பாறை மேட்டு நிலத்தை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிக் காபிக்கும் தேயிலைக்குமாகத் திருத்திவிட்டார்கள். சுற்றிலும் ஆனைமலை புலிகள் காப்பகம், நடுவில் தோட்டங்கள், தோட்டங்களுக்குள் துண்டு துண்டாக மிஞ்சிய காடு. அந்தத் துண்டுகளில் பலவும் ரோட்டை ஒட்டியே இருக்கின்றன. வெயிலில் போய்க்கொண்டிருந்த வண்டி திடீரென்று குளிர்ந்து இருட்டினால் காட்டுக்குள் வந்துவிட்டீர்கள். வேகத்தைக் குறையுங்கள். அகலமான இடத்தில் ஒதுக்கி நிறுத்தி, மேலே பாருங்கள். பலகை பலகையாக வேர் விட்ட மரம், வெடிபலா, காட்டு அத்தி எல்லாம் அங்கேதான். ஒரே நாளில் பத்து 'பாயின்ட்' முடிப்பதைவிடப் புதுத்தோட்டம் ரோட்டோரம் இரண்டு மணி நேரம் பொறுமையாக இருப்பது மேல்.

கார்த்திக், ஈரோடு: அண்ணா, சிங்கவால் குரங்கு கட்டாயம் பார்க்கணும். எங்கே, எத்தனை மணிக்கு?

பொள்ளாச்சியிலிருந்து வரும்போது வால்பாறை டவுனுக்குச் சற்று முன்னால் இருக்கிற புதுத்தோட்டம். காலை ஆறரையிலிருந்து ஒன்பதுக்குள் வாய்ப்பு அதிகம். பலர் கருமந்தியைப் படமெடுத்துவிட்டு 'சிங்கவால் பார்த்தேன்' என்கிறார்கள். சோலைமந்திக்கு (சிங்கவாலுக்கு இங்கே அதுதான் பெயர்) கரிய முகத்தைச் சுற்றி வெள்ளிநிறப் பிடரி இருக்கும். அளவான வால், நுனியில் குஞ்சம். கருமந்திக்குப் பிடரி கிடையாது. தலை மட்டும் பழுப்பு, வால் உடம்பைவிட நீளம், குஞ்சம் இல்லை. மலையடிவாரத்து ஆழியாறு பக்கம் கையிலிருப்பதைப் பிடுங்குவது சாதாரண நாட்டுக்குரங்கு.

ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் ஏணி மாதிரி கட்டியிருப்பது இவை கடக்கத்தான். பழமோ பிஸ்கட்டோ போடாதீர்கள். போட்டால் மரத்தை விட்டு ரோட்டுக்கு இறங்கும், அடுத்து வரும் வண்டியில் அடிபடும். பழகிய கூட்டம் வீட்டு ஓட்டைப் பிரித்து அடுக்களைக்குள்ளும் இறங்குகிறது. அந்தத் தொல்லை லைன் வீடுகளில் குடியிருக்கும் தோட்டத் தொழிலாளர்களுக்குத்தான், உங்களுக்கு இல்லை.

நசீமா, திருச்சி: இருவாச்சிப் பறவை எப்போது தெரியும்?

கூடு கட்டும் காலம் டிசம்பர் வாக்கில் தொடங்கி ஏப்ரல், மே வரை. பெட்டை மரப்பொந்துக்குள் புகுந்து, எச்சமும் உணவுக் கழிவும் குழைத்து வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நீளும் அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம். ஆண்தான் பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். கூட்டு மரத்தடியில் கும்பல் நின்றால் அது கிட்டே வராது, உள்ளே இருப்பவை பட்டினி. அதனால் கூட்டைத் தேடாதீர்கள், பழுத்த அத்தி மரத்தைத் தேடுங்கள். பெரிய இருவாச்சி வருவதைக் கண்ணுக்கு முன் காது சொல்லிவிடும். இறகுகளின் அடிப்பகுதியை மூடும் சிறு இறகுகள் குறைவு என்பதால், அடிக்கும் ஒவ்வொரு சிறகுக்கும் காற்று 'புஸ் புஸ்' என்று இரைந்து வெகுதூரம் கேட்கும்.

வினோத், சென்னை: அட்டைக்கு உப்பா, புகையிலையா, லைட்டரா?

கடித்த பிறகு மூன்றும் வேண்டாம். உப்போ சூடோ பட்டால் அட்டை வயிற்றிலிருப்பதைக் கடிவாயிலேயே கக்கும்; புண் சீழ் பிடிக்க அது போதும். மெலிந்த முனைதான் வாய். அதை ஒட்டி நகத்தைச் சாய்த்துத் தள்ளுங்கள், பிடி விடும். அடுத்து தடித்த முனையையும் அப்படியே. சுண்டி எறிந்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் உறையாமலிருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் கசிவு நிற்க நேரமாகும், பயப்பட ஒன்றுமில்லை. அரிப்பு சில நாள் இருக்கும், சொறிந்தால்தான் வம்பு.

வருமுன் காப்பது எளிது. நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால்வரை தைத்த அட்டை உறையைக் காலில் மாட்டி, பேன்ட்டை அதற்குள் செருகுங்கள். சாதாரண சாக்ஸின் கண்ணி வழியே நூல் போல நுழைந்துவிடும். புகையிலைத் தூளை நனைத்து உறையின் மேல் தடவலாம். மழையில் கரைந்துவிடும், திரும்பத் தடவ வேண்டும். ஜூன் முதல் நவம்பர் வரை அட்டை அதிகம். பிப்ரவரி, மார்ச்சில் அநேகமாக இருக்காது.

ராஜேஷ், திருப்பூர்: கொண்டை ஊசி வளைவு 40 என்கிறார்கள். கார் ஓட்டிப் பழக்கம் கம்மிங்க. சமாளிக்கலாமா?

பகலில் சமாளிக்கலாம். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். நியூட்ரலில் விட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் ஆழியாறு வருவதற்குள் பிரேக் காய்ந்து வாடை அடிக்கும், பிறகு பிடிக்காது. ஏறுகிற வண்டிக்கு வழி விடுங்கள். பஸ் வளைவை முழுசாக அடைத்துத்தான் திரும்பும். வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். மூடுபனியில் ஹைபீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான், லோபீம் போதும். ஒன்பதாவது வளைவு லோம்ஸ் வியூவில் வண்டியை ஆறவிடுங்கள். கீழே ஆழியாறு அணை. சுற்றியுள்ள பாறைச் சரிவுகளில் வரையாடு நிற்கிறதா என்றும் பாருங்கள்.

வெளியூர் வண்டிகளுக்கு 2025 நவம்பர் முதல் இ-பாஸ் உண்டு. வீட்டிலேயே எடுத்துவிடுங்கள்.

மேரி, நாகர்கோவில்: அப்படியே அதிரப்பள்ளி வழியாகச் சாலக்குடி இறங்கலாமா?

தாராளமாக. என்னைக் கேட்டால், மழைக்காட்டை வண்டியிலிருந்தே பார்க்க இதைவிட நல்ல ரோடு இந்தப் பக்கத்தில் இல்லை. மளுக்கப்பாறையிலும் வாழச்சாலிலும் கேரள வனத்துறைச் சோதனைச் சாவடிகள் உண்டு. நேரம் குறித்துச் சீட்டுத் தருவார்கள், பிளாஸ்டிக் பாட்டிலையும் எண்ணிக்கொள்வார்கள். இடையில் சுமார் 50 கிலோமீட்டர் காடு: கடை இல்லை, பங்க் இல்லை, போன் சிக்னலும் இல்லை. டேங்கை வால்பாறையிலேயே நிரப்பிவிட்டுக் காலையில் கிளம்புங்கள். மாலை நெருங்கினால் விடமாட்டார்கள்.

பெயர் வேண்டாம் என்றவர், கோவை: யானை ரோட்டில் நின்றால் ஒதுங்கிப் போய்விடலாமா?

கூடாது. 2025 பிப்ரவரியில் பொள்ளாச்சி–வால்பாறை மலைப்பாதையில், டைகர் வேலி பக்கம், யானையைத் தாண்டிப் போக முயன்ற ஜெர்மனிக்காரர் ஒருவர் பைக்கோடு தாக்கப்பட்டு இறந்தார். தூரத்திலேயே நிறுத்துங்கள், ஹாரன், ஃபிளாஷ் கூடாது, பின்னால் வரும் வண்டியையும் நிறுத்தச் சொல்லுங்கள். காது விரித்து உங்களைப் பார்த்து நின்றால் நிதானமாக ரிவர்ஸ். இரவில் தோட்டப் பகுதியில் கம்பத்தின் மேல் சிவப்பு விளக்கு மினுக்கினால் அருகில் யானை என்று அர்த்தம். ஊர்க்காரர்களே போனிலிருந்து போடும் விளக்கு அது, அலங்காரம் இல்லை.

சிறுத்தையும் உண்டு. இருட்டிய பிறகு சின்னப் பிள்ளைகளை ரூமுக்கு வெளியே விளையாட விடாதீர்கள்.

தினேஷ், கரூர்: பசங்களோடு குளிக்க எந்த ஆறு நல்லது?

கவியருவி திறந்திருந்தால் அங்கே. கூழாங்கல் ஆற்றில் தண்ணீர் குறைவான நாளில் கணுக்கால் நனைக்கலாம். தோட்டத்துக்குள் ஓடுகிற மற்ற ஆறுகளில் இறங்கவே வேண்டாம். 2023 அக்டோபரில் சோலையாறு எஸ்டேட் பக்கம் ஆற்றில் இறங்கிய கோவைக் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் மூழ்கி இறந்தார்கள். மேலே அமைதியாகத் தெரியும், அடியில் கசமும் (ஆழமான மடு) வழுக்குப் பாறையும். குளிக்கும்போது தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ சருகு சுள்ளி அடித்து வந்தாலோ, செருப்பைத் தேடாமல் கரையேறுங்கள். மேலே மழை பெய்து வெள்ளம் வருகிறது.