தாத்தாவின் பழைய சவரக்கத்தியை வீட்டிலேயே தீட்டக் கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும். ஆனால் தெருவில் சாணை பிடிக்கிறவரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அவருக்கு அரிவாள்மனையும் கறிக்கத்தியும் அத்துப்படி. சவரக்கத்தியின் விளிம்போ காகிதம் மாதிரி மெலிசு. சுற்றுகிற சக்கரத்தில் பட்டவுடன் சூடேறி நீலம் பாய்ந்துவிடும். நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

பெட்டியில் கிடைத்தது, ஷெஃபீல்டு (கத்திக்குப் பேர்போன இங்கிலாந்து ஊர்) என்று பொறித்திருக்கிறது, தாத்தா தினமும் இதில்தான் மழிப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். மழித்திருப்பார். தீட்டிக் கொடுத்தது பெரும்பாலும் என் அப்பாவைப் போல ஒருத்தராகத்தான் இருக்கும்.

அப்பா குன்னூரில் சலூன் வைத்திருந்தார். வெலிங்டன் பட்டாளத்துக்காரர்கள், எஸ்டேட் கிளார்க்குகள் எல்லாம் அவரிடம்தான் வருவார்கள். 1990களில் எய்ட்ஸ் பயம் வந்து, ஒவ்வொருவருக்கும் புது பிளேடு மாட்டுகிற கத்தி வந்ததும், பழைய கத்திகளையெல்லாம் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டார். என்னை ஐடிஐயில் சேர்த்தார். இப்போது டீ ஃபேக்டரியில் ஃபிட்டர். தேயிலையை நசுக்கித் தூளாக்குகிற சிடிசி ரோலரின் பல் மழுங்கினால் தூளின் தரம் எப்படி விழும் என்பது எனக்குத் தெரியும். கூர் என்பது என் தினப்படி வேலை.

அந்தப் பெட்டியை நான் திறந்தபோது அத்தைக்குக் கோபம். "அந்தக் கத்தியைக் கீழ வைக்கத்தானேடா உங்கப்பன் பாடுபட்டான்?" அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. குலத்தொழிலுக்குக் கொடி பிடிக்கிறேன் என்று கமெண்டில் யாரும் கிளம்ப வேண்டாம். இந்த வேலையை ஒரு சாதியின் தலையில் கட்டியது அநியாயம்தான். அதற்காக அப்பாவின் கைக்குத் தெரிந்ததை நான் தெரிந்துகொள்ளக் கூடாதா?

இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் ஒரு பழைய பங்களா ரிசார்ட் ஆகிவிட்டது. அங்கே 'பாரம்பரிய ஷேவ்' என்று போட்டு வாங்குகிற காசைக் கேட்டால் மயக்கம் வரும். அதே பங்களாவுக்கு அப்பா பின்வாசல் வழியாகத்தான் போவார். டீ கொடுத்தால் தனி டம்ளர். இப்போது முன்வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் சவரக்கத்தியை அலங்காரமாக வைத்திருக்கிறார்கள். சரி, விடுங்கள், கத்திக்கு வருவோம்.

முதலில் கத்தி உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். விளிம்பில் மயிரிழை விரிசல் இருந்தால் அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம், அவ்வளவுதான். விளிம்பையே தின்ற துருப்புள்ளிகள் இருந்தாலும் அதே கதி. பிசுக்கு மட்டும்தான் என்றால் நீலகிரித் தைலம் தொட்டுத் துடைத்தாலே போய்விடும். பிடி செல்லுலாய்டாக இருந்து நொறுங்க ஆரம்பித்திருந்தால் உடனே கழற்றுங்கள். அது சிதையும்போது வெளியேறும் ஆவியே கத்தியைத் துருப்பிடிக்க வைக்கும். யானைத்தந்தப் பிடி என்றால் விற்கிற நினைப்பே வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

தீட்டுவதில் பாதி வேலை 1000 கிரிட் கல்லிலேயே முடிந்துவிட வேண்டும் (கிரிட் எண் கூடக் கூடக் கல் நைசாக இருக்கும்). வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்கள் எல்லோரும் 12000 கிரிட் கல் எங்கே கிடைக்கும் என்றுதான் கேட்கிறார்கள். இரண்டு பக்கச் சரிவும் விளிம்பில் ஒன்றையொன்று தொடாத வரை, மேலே எந்தக் கல்லில் தேய்த்தாலும் பளபளப்புதான் வரும், கூர் வராது. விளிம்பு நெடுக மார்க்கர் மை தடவி, கல்லில் லேசாக ஓட்டிப் பாருங்கள். மை அழியாத இடத்தில் கல் இன்னும் படவில்லை. கத்தியின் நுனி முதல் அடி வரை எந்த இடத்தை வைத்தாலும் கைமுடியை மழிக்கிற அளவு வந்தபிறகு 4000, 8000, முடிந்தால் 12000. கல்லின் மேற்பரப்பும் சமமாக இருக்க வேண்டும். பென்சிலால் கட்டம் போட்டு, கண்ணாடி மேல் ஒட்டிய வாட்டர் பேப்பரில் கோடுகள் அழியும் வரை தேயுங்கள்.

அப்பா முதலில் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. ஒரு மழைநாளில் திண்ணையில் உட்கார்ந்தபடி சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, "முதுகைத் தூக்குற பாரு" என்றார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்தக் கத்தியில் சூட்சுமமே அதுதான். கத்தியின் தடித்த முதுகும் விளிம்பும் ஒரே நேரத்தில் கல்லில் படிந்திருந்தால் கோணம் தானாக அமையும், நாம் கணக்குப் போட வேண்டியதில்லை. கல்லில் விளிம்பு முன்னே போக வேண்டும், கடைசியாகத் தீட்டுகிற தோல்வாரில் முதுகு முன்னே போக வேண்டும். மாற்றினால் வாரே அறுந்துவிடும். திருப்பும்போது முதுகின் மேல்தான் புரட்ட வேண்டும். அழுத்தம் கூடவே கூடாது, கத்தியின் எடையே போதும்.

கிரிட் எண்களையெல்லாம் அப்பா நம்புவதில்லை. அவர் காலத்தில் ஒரே கல், ஒரு வார். இப்போது அவர் மழிப்பது பெட்டிக்கடை டிஸ்போசபிள் ரேசரில். கேட்டால், "எனக்கென்ன தலையெழுத்தா?" என்பார்.

மலையில் இருப்பவர்களுக்கு ஒன்று: ஜூன் முதல் மூட்டத்தில் ஒரே ராத்திரியில் துரு பூக்கும். தேங்காய் எண்ணெய் இங்கே உறைந்தே கிடக்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

இன்னொருவருக்கு அந்தக் கத்தியால் மழிக்காதீர்கள், தம்பியாகவே இருந்தாலும். முதல் நாள் கன்னத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மோவாய்க்கு வழக்கமான ரேசரே போதும்.