பெர்பெத்துவாவின் பிள்ளை

அன்புள்ள ஐயா,

விசுவாசத்துக்காக உயிர்விட்ட மறைசாட்சிகள் பற்றிய உங்கள் கட்டுரையில் பெர்பெத்துவாவைப் புகழ்ந்திருந்தீர்கள். பால்குடி மறக்காத பிள்ளையை விட்டுவிட்டுச் சாகப் போனவரைப் புனிதர் என்று கும்பிட எனக்கு மனம் வரவில்லை. நானும் ஒரு தாய். அவர் எழுதியதாகச் சொல்லும் சிறைக்குறிப்புகூட, பின்னாளில் சாமியார்கள் யாராவது எழுதிச் சேர்த்ததாக இருக்கலாமே?

ஒரு வாசகி, பாளையங்கோட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்பதை அவருடைய அப்பாவே கேட்டுவிட்டார். "உன் பிள்ளையைப் பார், நீ இல்லாமல் அது பிழைக்காது" என்று மகளின் கையை முத்தமிட்டு, காலில் விழுந்து அழுதார். கி.பி. 203, கார்த்தேஜ் நகரம்; இன்றைய துனிசியா. பெர்பெத்துவாவுக்கு வயது 22 இருக்கும். படித்தவர், நல்ல குடும்பம். விசாரணையன்று அப்பா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து மறுபடி கெஞ்சினார். ஆளுநர் பொறுப்பிலிருந்த இலாரியானுஸ் அவரைப் பிரம்பால் அடிக்கச் சொன்னான். அந்த அடி தன்மேலேயே விழுந்ததுபோல் வலித்தது என்று எழுதுகிறார் மகள். ஆனாலும் கிறிஸ்தவரான அவர், பேரரசரின் நலனுக்காக ரோமத் தெய்வங்களுக்குப் பலியிட மறுத்துவிட்டார்.

'விட்டுவிட்டு' என்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. சிறையில் இருட்டையும் நெரிசலையும்விட அவரை வாட்டியது பிள்ளையின் பசிதான். சபைப் பணியாளர்களான இரண்டு திருத்தொண்டர்கள் காவலர்களுக்குக் காசு கொடுத்து, சில மணி நேரம் காற்றோட்டமான பகுதிக்குக் கைதிகளை மாற்ற ஏற்பாடு செய்தார்கள். அங்கேதான் வாடிக்கிடந்த குழந்தைக்குப் பால் கொடுத்தார். பிறகு அதைத் தன்னோடு வைத்துக்கொள்ள அனுமதி வாங்கினார். சிறை எனக்கு அரண்மனையாகிவிட்டது என்கிறார். தீர்ப்புக்குப் பின் பிள்ளையைக் கேட்டு ஆள் அனுப்பினார். அப்பா தர மறுத்துவிட்டார். அதற்குமேல் பிள்ளை பால் கேட்கவில்லை, தனக்கும் மார்பு கட்டிக்கொள்ளவில்லை என்று எழுதி, அதைக் கடவுளின் சித்தம் என்கிறார்.

உடன் கைதான அடிமைப்பெண் பெலிசித்தா எட்டு மாதக் கர்ப்பிணி. கர்ப்பிணிகளைக் கொல்ல ரோமச் சட்டம் இடம்கொடுக்காது. அவர் சிறையிலேயே பெற்ற பெண்குழந்தையைச் சபையைச் சேர்ந்த ஒருத்தி வளர்த்தாள்.

குறிப்பின் உண்மைத்தன்மையைச் சந்தேகிக்கும் அறிஞர்கள் உண்டு. அந்த ஏட்டின் முன்னுரையும், இருவரின் சாவைச் சொல்லும் பகுதியும் வேறொருவர் எழுதியது, அதில் ஒளிவுமறைவு இல்லை. 'நாளை அரங்கில் நடப்பதை விரும்புகிறவர் எழுதட்டும்' என்று பெர்பெத்துவா தன் பகுதியை முடித்துக்கொள்கிறார். எனக்கு நம்பத்தான் தோன்றுகிறது. பக்திக்காகப் புனைகிறவன் பால் கட்டுவதைப் பற்றி எழுதியிருப்பானா? முறைப்படி மணமானவர் என்கிறது முன்னுரை. அவரோ கணவனைப் பற்றி மூச்சே விடவில்லை. புனைகதை என்றால் அந்த ஓட்டையை அடைத்திருப்பார்கள்.

இவர்கள் திருநாளுக்குப் பின்னாளில் ஆயர் அகுஸ்தினார் ஆற்றிய மறையுரைகளும் கிடைக்கின்றன. அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் பெர்பெத்துவா எழுதிய பகுதியை மட்டும் வாசியுங்கள், சில பக்கங்கள்தான். அதன் பிறகும் கோபம் தீராவிட்டால் மறுபடி எழுதுங்கள்.