ஆங்கிலத்தில் ‘வரலையா?’, ‘சாப்பிடலையா?’ என்பதை இயல்பாகக் கேட்பது எப்படி?

தக்கலைப் பக்கம் எங்கள் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் நாலைந்து பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். நர்சிங் முடித்துவிட்டு வெளிநாட்டு வேலைக்காக, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடிக்குப் படிப்பவர்கள். நான் அயர்லாந்தில் சில வருடம் நர்சாக இருந்தவள். நீங்கள் கேட்டிருக்கும் இதே சந்தேகம் அவர்களுக்கும் முதல் வாரத்திலேயே வந்துவிடும்.

‘வொய் யூ டிட்ன்ட் கம்?’ என்றுதான் முதலில் எல்லோர் வாயிலும் வரும். ‘நீ ஏன் வரல்ல?’, ‘ஏன் நீ வரல்ல?’ இரண்டும் நமக்குச் சரிதானே. ஆங்கிலத்தில் அந்தச் சலுகை இல்லை. ‘டிட்’, ‘டூ’, ‘ஹேஸ்’ போன்ற துணைவினை, ‘நாட்’டையும் ஒட்டவைத்துக்கொண்டு ‘யூ’, ‘ஷீ’ என்று வரும் ஆளுக்கு முன்னால் வர வேண்டும்: ‘வொய் டிட்ன்ட் யூ கம்?’ சுருக்காமல் சொன்னால் ‘நாட்’ ஆளுக்குப் பின்னால் போகும்: ‘டிட் யூ நாட் கம்?’ இது கொஞ்சம் விறைப்பாக ஒலிக்கும். பேச்சில் சுருக்கமே இயல்பு. காதில் ‘டிடன்ச்சு’, ‘டோன்ச்சு’ என்று ஒரே சொல்லாக விழும். அப்படியே சொல்லிப் பழகுங்கள்.

நம் ‘வரல்லியா’ எல்லாக் காலத்துக்கும் பொருந்திவிடும் என்பதும் ஒரு சிக்கல். நேற்றுக் கல்யாணத்துக்கு வராதவரிடம் ‘டிட்ன்ட் யூ கம்?’ இப்போது கிளம்பாமல் நிற்பவரிடம் ‘ஆரன்ட் யூ கமிங்?’ வடசேரி பஸ் ஸ்டாண்டில் காத்து நின்று கேட்டால் ‘ஹேஸன்ட் த பஸ் கம் யெட்?’ வாயைத் திறப்பதற்கு முன் எந்தக் காலம் என்று முடிவு செய்துவிட வேண்டும்.

ஆனால் கேட்பதைவிடப் பதில் சொல்வதில்தான் அதிகக் கவனம் தேவை. அயர்லாந்து போன புதிதில், ஒரு அம்மாவுக்குக் காலையில் ஆபரேஷன். பொதுவாகத் திட உணவு 6 மணி நேரத்துக்கு முன்பும், தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தியிருக்க வேண்டும். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து போனில், ‘ஹேஸன்ட் ஷீ ஈட்டன் எனிதிங்?’ என்றார்கள். ‘ஆமா, சாப்பிடல்ல’ என்ற நினைப்பில் நான் ‘யெஸ்’ என்று மட்டும் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு நொடி அமைதி. பிறகு, ‘என்ன சாப்பிட்டார், எப்போது?’ என்று கேள்வி வந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. உடனே திருத்திச் சொன்னதால் ஒன்றும் ஆகவில்லை.

தமிழில் ‘ஆமா’ என்றால் கேட்டவர் சொன்னதை ஒப்புக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் ‘யெஸ்’, ‘நோ’ இரண்டும் நடந்ததைத்தான் பார்க்கும், கேள்வி எப்படி வந்தது என்பதைப் பார்க்காது. சாப்பிட்டிருந்தால் ‘யெஸ், ஷீ ஹேஸ்’. சாப்பிடாவிட்டால் ‘நோ, ஷீ ஹேஸன்ட்’. வெறும் ‘யெஸ்’ஸோடு நிறுத்தவே கூடாது, அந்த வாலையும் சேர்த்துச் சொல்லுங்கள். நோயாளியிடம் நீங்கள் கேட்கும்போது எதிர்மறையே வேண்டாம், ‘கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?’ என்று நேராகக் கேட்டுவிடுவது நல்லது.

எல்லாவற்றுக்கும் ‘இஸன்ட் இட்?’ போடும் பழக்கம் நம் ஊரில் அதிகம். தமிழில் ‘இல்லியா’, எல்லையை ஒட்டிய மலையாளத்தில் ‘அல்லே’, இரண்டுமே எங்கும் ஒட்டும். ஆங்கிலத்தில் வால் முன்னால் வந்த வினையைப் பொறுத்தது: ‘யூ லைக் ஃபிஷ், டோன்ட் யூ?’ ‘ஐ ஆம்’ வந்தால் ‘ஆரன்ட் ஐ?’ அயர்லாந்தில் ‘ஆமன்ட் ஐ?’ என்பதும் சகஜம்.

தொனியும் மாறும். ‘இன்னும் சாப்பிடல்லியா மக்களே?’ என்பதில் பாசம்தான் இருக்கிறது. ‘ஹேவன்ட் யூ ஈட்டன்?’ என்றால் ‘சாப்பிட்டிருப்பாய் என்றல்லவா நினைத்தேன்’ என்ற வியப்பும் கூட வரும். ‘வோன்ட் யூ சிட் டவுன்?’ மரியாதையான உபசரிப்பு. ஆனால் ‘கொஞ்சம் உதவ மாட்டீங்களா?’ என்ற நம் கெஞ்சலை ‘கான்ட் யூ ஹெல்ப் மீ?’ என்று மாற்றினால் குறை சொல்வதுபோல் ஆகிவிடும். அங்கே ‘குட் யூ ஹெல்ப் மீ, ப்ளீஸ்?’ என்றே கேளுங்கள்.